முதல் படம் எங்கே?

எதிர்க் கட்டடத்தின் மாடியை யாருக்கு விடுவது என்ற சண்டை கமர் நிஷாவின் வீட்டில் ஒரு வாரமாக ஓயவில்லை. வெள்ளிக்கிழமை பகலில் அந்தச் சண்டைக்கே வேலை இல்லாமல் போயிற்று. கட்டடம் தீப்பிடித்துக்கொண்டது.

மாடி வைத்த அந்தக் கிடங்கு கமர் நிஷாவின் வாப்பா மரைக்காயர் சைகோனில் சம்பாதித்துக் கட்டியது. ஊர் வழக்கப்படி வீட்டையும் கிடங்கையும் மகளுக்கென்று கொடுத்துவிட்டு அவர் மௌத்தாகிப் போனார். பெண்டாட்டி வீட்டோடு வந்து சேர்ந்த மருமகன் நூகு, கிடங்கில் ஜவுளி போட்டு வியாபாரம் நடத்தினான். பிரெஞ்சுக் கொடி பறந்தவரை கப்பலில் வந்திறங்கும் சீமைச் சரக்குக்குக் கேள்விமுறை கிடையாது. போன ஐப்பசியில் கொடி மாறியது. வியாபாரம் படுத்துவிட்டது என்றான் நூகு. மாடியில் பழைய சாக்கைத் தவிர ஒன்றுமில்லை என்றான்.

"ஒண்ணுமில்லேன்னா மாடியை ஜெய்னுவுக்கு விடுங்களேன். போட்டோ ஸ்டுடியோ வைக்க இடமில்லாம ஓட்டைக் கொட்டகையிலே உட்கார்ந்திருக்கான்" என்று கமர் நிஷா கேட்டாள். லாத்தா, லாத்தா என்று சுற்றிவந்த தாயில்லாத தம்பி ஜெய்னுலாபுதீனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான்.

"முடியாது" என்றான் நூகு. காரணம் சொல்லவில்லை. அன்று முதல் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சு பாதியாகக் குறைந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நூகு அத்தர் பூசிக்கொண்டு ஜும்ஆவுக்குக் கிளம்பிப் போனான். கொல்லைப்புறத்தில் கிடங்குக் காவல்காரன் கருப்பையன் வாழையிலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அவன் மனைவி குஞ்சம்மா அந்த வீட்டில் வேலை செய்பவள். சோற்றை அவள் வைத்தாள். குழம்பைக் கமர் நிஷாவே கொண்டுவந்து ஊற்றினாள்.

"வஞ்சிர மீனு. இன்னொரு துண்டு போட்டுக்குங்க."

"போதும்மா, போதும். மொதலாளி தொழுதுட்டு வர்றதுக்குள்ளே நான் கிடங்குக்குப் போயிடணும்."

"அவரு பள்ளியிலேருந்து வர நேரமாகும். நிதானமாச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டு மாடிக்குப் போனாள்.

ஜும்ஆ நேரம் அவளுக்குப் பிடித்த நேரம். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். தெரு வெறிச்சென்று கிடக்கும். மாடி ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கலாம். வாப்பா சைகோனிலிருந்து கொண்டுவந்த பெட்டிக் காமிரா அவளிடம் இருந்தது. ஜெய்னு அதில் புதுப் பிலிம் போட்டுக் கொடுத்திருந்தான். ஆளில்லாத தெருவை ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஜன்னல் கட்டையில் காமிராவை வைத்து, மேலிருந்த சின்னக் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தாள். தெரு ஒரு தீப்பெட்டிப் படம் போல அதற்குள் தெரிந்தது. காமிராவைக் கொஞ்சம் திருப்பினாள். கிடங்கை ஒட்டிய சந்து தெரிந்தது. சந்தின் ஓரத்துக் கதவு திறந்தது. இரண்டு பேர் ஒரு பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே, மாடி ஜன்னலிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்தது.

விசையைத் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அது புகை என்று உறைத்தது.

தலையை நிமிர்த்திப் பார்த்தபோது சந்தில் ஆளில்லை. மாடி ஜன்னலில் தீ நாக்கு நீட்டியது.

"குஞ்சம்மா! கிடங்கு பத்திக்கிச்சு! ஓடுங்க, ஓடுங்க!"

கருப்பையன் எச்சில் கையோடு ஓடினான். குஞ்சம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வாளியும் அண்டாவுமாக வெளியே வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் வீட்டு வேலைக்கு இருந்தவர்கள். வீட்டுக்காரிகள் ஜன்னல்களில் நின்று கத்தினார்கள்.

கமர் நிஷாவும் நின்றாள். மாடிப்படி வரை இறங்கினாள். வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. கல்யாணமான நாள் முதல் துப்பட்டி போடாமல், துணையில்லாமல் அவள் அந்த வாசலைத் தாண்டியதில்லை. மறுபடி மேலே ஏறி வந்தாள். கையில் காமிரா இருந்தது. செய்வதற்கு வேறொன்றும் தெரியாமல் அவள் படம் எடுத்தாள்.

கருப்பையன் வாளியை வீசுவதை எடுத்தாள். கிணற்றடியில் பெண்கள் வரிசையாக நின்று தண்ணீர் கைமாற்றுவதை எடுத்தாள். கருப்பையன் தோளால் முட்டிக் கதவை உடைத்து உள்ளே போனான். ஒரு துணி மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தான். மூட்டை எரிந்துகொண்டிருந்தது, அவன் விடவில்லை. அதையும் எடுத்தாள். பங்குனி வெயிலும் நெருப்பும் சேர்ந்து அவள் முகத்தில் அடித்தன. மேல்தளத்து உத்தரம் முறிந்து விழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

பள்ளிவாசல் பக்கமிருந்து வெள்ளைத் தொப்பிகள் கூட்டமாக ஓடி வந்தபோது கூரையில் பாதி போயிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நூகுவும் வந்தான். தலையில் அடித்துக்கொண்டான். பின்னாலேயே ஜெய்னுவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

தீ அடங்கிப் புகை மட்டும் மிஞ்சியபோது போலீஸ் வந்தது. புதிதாக மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டர் நூகுவிடம் கேள்வி கேட்டார். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற கமர் நிஷாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"உள்ளே யார் இருந்தது?"

"காவல்காரன் ஒருத்தன்தாங்க. கருப்பையன்னு பேரு. பீடி குடிக்கிற பழக்கம் உண்டு. சரக்குக்குள்ளே உட்கார்ந்து குடிக்காதேன்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சுங்க."

கருப்பையன் தெருவில் உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து சிவந்திருந்தன. "மொதலாளி!" என்று ஒரே ஒரு சொல் சொன்னான். போலீஸ்காரர் அவன் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். கையைப் பிடிக்க முடியவில்லை.

குஞ்சம்மா தெருவில் விழுந்து புரண்டாள்.

நூகு வீட்டுக்குள் வந்ததும் கமர் நிஷா ஒரு வாரத்துப் பிணக்கை மறந்து அவன் எதிரே போய் நின்றாள்.

"ஏங்க, தப்பாச் சொல்லிட்டீங்க. கருப்பையன் அப்ப கிடங்குலேயே இல்லே. நம்ம கொல்லையிலே சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. நான்தான் குழம்பு ஊத்தினேன்."

நூகு சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "சரி, சரி. நான் பேசிக்கிறேன்" என்றான்.

"இப்பவே போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல? என் வீட்டுப் பொம்பளை பார்த்தாள்னா? நாளைக்கு உன்னைப் போலீஸ் கச்சேரிக்குக் கூப்பிட்டா நம்ம மானம் என்னாகும்? ரெண்டு நாள்லே நானே அவனை வெளியே எடுத்துடுறேன். நீ சும்மா இரு."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் அவளுக்குத் தோன்றியது. அப்போதுதான் நினைவு வந்தது.

"நான் வரவேண்டியதில்லேங்க. வேற சாட்சி இருக்கு. தீ பிடிக்கிற சமயத்துலே ரெண்டு பேரு சந்துக் கதவு வழியா நம்ம சரக்கைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. யாரோ புண்ணியவானுங்க, கண்ணுலே பட்டதைக் காப்பாத்தியிருக்காங்க. உள்ளே கருப்பையன் இல்லேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லே?"

நூகுவின் விரல் பொத்தானில் நின்றது. "யாரு அவங்க?"

"முகம் தெரியலே. ஆனா படம் எடுத்திருக்கேன். கழுவினா தெரிஞ்சிடும்."

அவன் கழற்றிய பொத்தானை மறுபடி மாட்டிக்கொண்டான். பிறகு, என்றைக்கும் இல்லாத கனிவோடு சொன்னான்: "நல்ல வேலை செஞ்சே. ஜெய்னுவை வரச் சொல்றேன். அவன்ட்ட கொடு. அவன் சீக்கிரம் கழுவித் தருவான்."

அந்தக் கனிவில் கமர் நிஷாவுக்குக் கண் கலங்கியது. எவ்வளவு பெரிய நஷ்டத்திலும் ஒரு ஏழைக்காக யோசிக்கிறாரே, இவரிடமா ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெய்னு வந்தான். காமிராவை வாங்கிக்கொண்டான். அவளும் விவரமெல்லாம் சொன்னாள். அவன் "உம், உம்" என்று கேட்டுக்கொண்டான். காமிராவின் தோல் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். தேயிலைத் தண்ணி போட்டுத் தருகிறேன் என்றதற்கும் நிற்காமல் போய்விட்டான்.

அவன் திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஈரம் காயாத படங்களை ஒரு காகித உறையில் கொண்டுவந்தான். கூடத்து மேசை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

படங்கள் அபாரமாக வந்திருந்தன. எரிகிற மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கருப்பையன் புகையிலிருந்து வெளியே வந்தான். கிணற்றடியில் குஞ்சம்மாவின் முந்தானை அவிழ்ந்து கிடந்தது. முறிகிற உத்தரம் அந்தரத்தில் நின்றது. நான் இதையா எடுத்துக்கொண்டிருந்தேன், அந்தக் கை வெந்துகொண்டிருந்த நேரத்தில் இதையா செய்தேன் என்று கமர் நிஷாவுக்கு உடம்பு கூசியது.

மேசையோரத்தில் நின்ற குஞ்சம்மா புருஷனின் படத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இதைக் காட்டினா விட்டுடுவாங்களாம்மா?"

"இதில்லே குஞ்சம்மா. இன்னொண்ணு இருக்கு. ஜெய்னு, அந்தச் சந்துப் படம் எங்கே? நான் முதல்லே எடுத்தது."

"அது விழலே லாத்தா. வெளிச்சம் பட்டுக் கறுத்துப் போச்சு."

"முதல் படத்துலே வெளிச்சம் பட்டா அடுத்ததுலேயும் ஓரத்துலே பட்டிருக்குமே. நீதானே சொல்லிக் கொடுத்தே? இது சுத்தமா இருக்கு."

"சில சமயம் அப்படியும் ஆகும்."

"கறுத்துப் போனாலும் பரவாயில்லே. பிலிமைக் காட்டு."

"கொட்டகையிலே இருக்கு."

"உறைக்குள்ளே சுருட்டி வச்சிருக்கியே, அது என்ன?"

அவள் கையை நீட்டி எடுத்துவிட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிலிமைத் தூக்கிப் பிடித்தாள். கறுப்பு வெள்ளையாகவும், வெள்ளை கறுப்பாகவும் தீ ஓடியது. கருப்பையன் வாளி வீசும் படத்தில் தொடங்கியது. அதற்கு முந்திய துண்டு இல்லை. கத்தரியால் நேர்கோட்டில் வெட்டியிருந்தது.

"ஜெய்னு."

அவன் தரையைப் பார்த்தான்.

"குஞ்சம்மா, நீ கொஞ்சம் அடுப்பைப் பாரு" என்றாள் கமர் நிஷா. குஞ்சம்மா போனாள். "இப்பச் சொல்லு. யாரு இருந்தா அதுலே?"

"கேக்காதீங்க லாத்தா."

"யாருடா?"

"மச்சான்."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எந்த மச்சான்?" என்று கேட்டாள்.

"எனக்கு எத்தனை மச்சான் இருக்காங்க?"

கூடத்து ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். "அவரு ஜும்ஆவுக்குப் போயிருந்தாரே."

ஜெய்னு மேசை மேலிருந்த படங்களை அடுக்கத் தொடங்கினான்.

"அந்தத் துண்டு எங்கே?"

"மச்சான் கேட்டாரு. கொடுத்துட்டேன்."

"அடுப்புலே போட்டாச்சு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நூகு அறை வாசலில் நின்றிருந்தான். மறைக்க வேண்டிய அவசியம் தீர்ந்துவிட்ட மனிதனைப் போல நிதானமாக வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தான்.

"திங்கக்கிழமை கஸ்டம்ஸ்காரன் கிடங்கைச் சோதனை போட வர்றான். மாடியிலே என்ன இருந்துச்சு தெரியுமா உனக்கு? கொடி மாறுறதுக்கு முந்தி வந்த சீமைப் பட்டு. ஒரு கஜத்துக்குக்கூடக் கணக்கு காட்ட முடியாது. பிடிச்சிருந்தா எனக்கு ஜெயில். கைக்கடியாரப் பெட்டி ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டேன். மத்தது போகட்டும்னு விட்டேன்."

"விட்டீங்களா? வச்சீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அது என் வாப்பா கட்டினது."

"தெரியும். வேற வழி இல்லே."

"கட்டடம் போகட்டும். கருப்பையன் என்ன பண்ணாரு உங்களை?"

"யாராவது ஒருத்தன் வேணும்லே, கமரு? தானாப் பத்திக்கிச்சுன்னா நம்புவானா? பீடின்னா நம்புவான். கொஞ்ச நாள் உள்ளே இருப்பான். அவன் குடும்பத்துக்கு நான் அரிசி போடுறேன்."

அவன் அதைச் சொன்ன விதந்தான் அவளை அறைந்தது. கோபமில்லை, கூச்சமில்லை. இன்றைக்கு மீன் வாங்கவில்லை என்று சொல்வது போலச் சொன்னான். மதியம் அவன் காட்டிய கனிவு எதற்கென்று இப்போது புரிந்தது.

"ஜெய்னு, நீயாவது என்ட்ட வந்து சொல்லியிருக்கலாமேடா. என் வாழ்க்கை கெட்டுப் போகுமேன்னுதானே வெட்டினே?"

நூகு சிரித்தான்.

"உனக்காக வெட்டினான்னா நினைக்கிறே? பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரு வந்தாங்கன்னு நீதானே சொன்னே? ஒருத்தன் நானு. இன்னொருத்தன் யாருன்னு உன் தம்பியையே கேளு."

கமர் நிஷா கேட்கவில்லை. ஜெய்னுவின் முகத்தைப் பார்த்தாள்; அது போதுமாக இருந்தது.

"நாகப்பட்டினத்துலே ஸ்டுடியோ வச்சுத் தர்றேன்னாரு லாத்தா" என்று அவன் அழத் தொடங்கினான். "பெட்டியை மட்டும் பிடின்னாரு. நெருப்பு வைக்கப் போறாருன்னு வல்லாஹி எனக்குத் தெரியாது. புகையைப் பார்த்துத்தான்..."

"புகையைப் பார்த்துட்டு என்ன செஞ்சே?"

"ஓடிட்டேன்."

"சத்தம் போட்டியா?"

அவன் தலை இன்னும் தாழ்ந்தது.

இவனுக்காகத்தான் ஒரு வாரம் புருஷனிடம் மல்லுக்கு நின்றாள். இவனுக்கு அந்த மாடியைக் கொடுக்கத்தான். அம்மை போட்டுக் கிடந்தபோது வேப்பிலையால் விசிறியபடி இவன் பக்கத்திலேயே கிடந்தவள் அவள். தன் வயிற்றில் பிள்ளை தங்காத துக்கத்தை இவன் முகத்தைப் பார்த்துத்தான் ஆற்றிக்கொண்டாள். இவ்வளவையும் சொல்லிக் கத்தலாம் என்று நிமிர்ந்தாள்.

அடுக்களை வாசலில் குஞ்சம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் அழவில்லை. சத்தம் போடவில்லை. மேசை மேலிருந்த புருஷனின் படத்தை எடுத்து மடியில் சொருகிக்கொண்டாள்.

"நான் வர்றேம்மா" என்றாள். இனி வரப்போவதில்லை என்பது அந்தக் குரலிலேயே இருந்தது.

"நில்லு குஞ்சம்மா. நானும் வர்றேன்."

உள்ளே போய்த் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். நூகு ஊஞ்சலை நிறுத்தினான்.

"எங்கே?"

"கொமிசேர் ஆபீசுக்கு."

"என்ன வச்சிருக்கே, போய்ச் சொல்றதுக்கு? படம் இல்லே. சாம்பலாப் போச்சு."

"படம் போனா என்னங்க? எடுத்தவ இருக்கேனே."

"வாசலைத் தாண்டினா திரும்ப வராதே!"

கமர் நிஷா திரும்பிப் பார்த்தாள். "இது என் வீடு" என்றாள். "நான் வருவேன். நீங்க இருப்பீங்களான்னு நீங்க முடிவு பண்ணிக்குங்க."

தெருவில் புகை நாற்றம் இன்னும் போகவில்லை. கரிக்கட்டையைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள், மரைக்காயர் வீட்டுப் பெண் வேலைக்காரியோடு பொழுது சாய்கிற நேரத்தில் கால்நடையாகப் போவதைக் கண்டு ஒதுங்கி நின்றார்கள். ஆற்றங்கரைத் திருப்பத்தில் கமர் நிஷா குஞ்சம்மாவின் கையைப் பிடித்தாள். குஞ்சம்மா கையை விடுவித்துக்கொண்டாள். அதுவும் நியாயந்தான் என்று இவள் பேசாமல் நடந்தாள்.

கொடி மாறிப் போலீஸ் ஸ்டேஷன் ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் கொமிசேர் ஆபீஸ்தான். இன்ஸ்பெக்டர் அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"கருப்பையன் தீ வைக்கலே. தீ பிடிச்சப்ப அவரு எங்க வீட்டுக் கொல்லையிலே சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. நான் பரிமாறினேன்."

"நீங்க யாரும்மா?"

"கிடங்குக்குச் சொந்தக்காரி."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். "அப்ப கிடங்குக்குள்ளே யாருமே இல்லியா?"

"இருந்தாங்க. சந்துக் கதவு வழியா ஒரு பெட்டியைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்தாங்க. மாடி ஜன்னல்லேருந்து பார்த்தேன். அப்ப முகம் தெரியலே. இப்ப அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"யாரு?"

"என் வீட்டுக்காரரு."

"பேரைச் சொல்லணும்மா. எழுதணும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. தெருவில் வேறு யாரையாவது அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட இவளுக்கு முகம் சிவக்கும்.

"நூகு" என்றாள். அவள் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

இன்ஸ்பெக்டர் எழுதினார். "வந்தாங்கன்னு சொன்னீங்க. கூட இருந்தது யாரு?"

அந்தப் பேரை ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்டிருக்கிறாள். சோறு தின்ன வாடா என்று, சட்டையை மாத்துடா என்று, மழையில் நிக்காதேடா என்று. பக்கத்தில் நின்ற குஞ்சம்மா இப்போதுதான் முதன்முறையாக அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"சொல்றேன்" என்றாள் கமர் நிஷா. "அதுக்கு முந்தி கருப்பையனைக் கூப்பிடுங்க. மத்தியானத்துலேருந்து அந்தக் கையிலே யாரும் மருந்து வச்சிருக்க மாட்டாங்க. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்தார். உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

கருப்பையன் இரண்டு கைகளையும் யாரிடமோ எதையோ வாங்குவது போல முன்னால் நீட்டிக்கொண்டு வந்தான். கமர் நிஷாவைக் கண்டதும் கும்பிடப் போனான்; கைகள் சேரவில்லை. குஞ்சம்மா ஓடிப்போய் அவன் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். ஒரு போலீஸ்காரர் துணைக்கு வர, அவர்கள் படியிறங்கி ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மறுபடி மையில் தோய்த்தார்.

"ம். சொல்லுங்கம்மா."

கமர் நிஷா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.